ஹேண்ட் பிரேக்கை நம்பி ஜீப்புக்கு அடியில் படுக்காதீர்கள்

போடியில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்கும் பழைய மஹிந்திரா வண்டிகள்தான் எனக்கு முக்கால்வாசி வேலை தருகின்றன. இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. ஆசைப்பட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கி, வீடியோ பார்த்து, வீட்டு வாசலிலேயே கியர்பாக்ஸைக் கழற்றத் தொடங்கி, பாதியில் எனக்குப் போன் செய்பவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பொறுமையும் கருவியும் இருந்தால் இந்த வேலையை வீட்டில் செய்யலாம். ஆனால் போனில் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சக்கரத்துக்குக் கட்டை வைத்தீர்களா?" "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன் அண்ணே" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

சிக்கலே அங்கேதான். வில்லிஸ் என்ற அமெரிக்க ஜீப்பின் வழிவந்த பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் பின்னால், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும். லிவரை இழுத்தால் பிடிபடுவது அந்த டிரம். அது ஷாஃப்டைப் பிடிக்க, ஷாஃப்ட் பின் சக்கரங்களைப் பிடிக்கும். கியர்பாக்ஸ் இறக்குகிறவர் முதலில் கழற்றுவதே அந்த ஷாஃப்டைத்தான். ஷாஃப்டின் முனை மூட்டான யூ ஜாயின்டின் கடைசி போல்ட் கையில் வந்த நொடியில் வண்டியை நிறுத்தி வைக்க எதுவும் இல்லை. கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் அதே கதைதான்.

ஷாஃப்ட் மாட்டியிருக்கும்போதும் ஒரு ஆபத்து உண்டு. பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் நிற்பது மறுபக்கம் உருளும். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும், பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் வேலையே அது. ஹேண்ட் பிரேக் இறுக்கமாக இருந்தும் வண்டி நகரும்.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது இதைக் கற்றேன். மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். பட்டறை வாசல் லேசான சரிவு. பார்த்தால் தெரியாது, தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும். மல்லாந்து படுத்து நாலாவது போல்டைத் திருகினேன். ஷாஃப்ட் நெஞ்சில் விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள் தலைக்கு மேலிருந்த கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. சுவரோரம் கிடந்த உடைந்த ஆட்டுக்கல்லில் டயர் முட்டி வண்டி நின்றது. மேஸ்திரி திரும்பி வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஆசாரியிடம் சொல்லி நாலு ஆப்புக்கட்டை அறுத்து வாங்கினார். அதில் இரண்டு இன்னும் என் பட்டறையில் இருக்கின்றன.

அதனால் சமதளம் பாருங்கள். தரையில் நிற்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்கினால் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் உடையும்போது முன்னறிவிப்பு எதுவும் தராது.

அப்புறம், கழற்றும் முன் கியர்பாக்ஸ்தான் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது ஊளைச் சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால், கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். ரிவர்ஸ் போடும்போது மட்டும் கரகரவென்றால், பல நேரம் குற்றவாளி சரியாக விடாத கிளட்ச்தான். மிதியையும் கிளட்சையும் இணைக்கும் லிங்கேஜைச் சரிசெய்ததும் வீட்டுக்குப் போன வண்டிகள் ஏராளம்.

சரி, இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த ஜீப்பில் இன்ஜினின் பின்பக்கத்தைத் தாங்குவது கியர்பாக்ஸுக்கு அடியிலுள்ள கிராஸ் மெம்பர்தான். அதைக் கழற்றினால் இன்ஜின் பின்னால் சாயும். ஹோஸ் இழுபடும், முன் மவுன்ட் ரப்பர் கிழியும். இன்ஜினின் அடித்தொட்டியான ஆயில் சம்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஒரு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். பலகை இல்லாமல் ஜாக்கியை நேரே வைத்தால் சம்பு தகடு குழிந்துவிடும்.

கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியபடியே இறங்கும். ஏறக்குறைய ஒரு நெல் மூட்டை கனம், அதுவும் ஒரு பக்கமாகச் சாயும் கனம். நெஞ்சில் வாங்கி இறக்கும் வீரமெல்லாம் வேண்டாம். மேலே தரைத் தகட்டைக் கழற்றிவிட்டு, செயின் பிளாக்கில் கட்டி இறக்குங்கள்.

கிளட்ச் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். எங்கள் தலைமுறையில் இதை யாரும் சொல்லித் தரவில்லை, வாயாலேயே ஊதியிருக்கிறோம்.

திரும்ப மாட்டும்போது கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி நிற்கும். எல்லோருக்கும் நிற்கும். அங்கேதான் பொறுமை போய், போல்டைப் போட்டு இறுக்கி இழுப்பார்கள். போல்ட் நுழையும் காது உடையும், இல்லையென்றால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணும். பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை வைத்துப் பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவந்திருந்தால் கையால் தள்ளினாலே உட்கார வேண்டும். உட்காரவில்லையா, கியரில் போட்டுப் பின்பக்க டிரம்மைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பல் தானாகச் சேரும்.

கியர் ஆயில் இபி 90 என்ற ரகம் போதும், டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரக்குறி போட்டிருக்க வேண்டும். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு அதுதான் பாதுகாப்பு. கியர்பாக்ஸுக்கு ஊற்றிவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸை மறப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி பிளக் இருக்கிறது. எல்லா கியரையும் கையால் போட்டுப் பார்த்த பிறகு ஷாஃப்டை மாட்டுங்கள். கட்டையை எடுப்பது அதற்கும் அப்புறம்.