மோகனத்தில் மூடாத வளையம்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள எங்கள் வீட்டு வீணைக்குச் சென்ற கோடையில் புதிதாக மேளம் கட்டினோம், அதாவது ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுகள் என்னும் உலோகக் கட்டைகளை மெழுகில் பதித்தோம். மெழுகு இளகியிருக்கும்போதே மெட்டுகளை இடம் பார்த்து அழுத்திவிட வேண்டும் என்ற அவசரத்திலும், அந்தர காந்தார (க) மெட்டு மட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே நெடுநேரம் நகர்ந்துகொண்டிருந்தது.

தந்தியின் நீளம் 81 செ.மீ. என்று கொள்வோம். தம்புராவின் மந்தர சட்ஜத் (கீழ் ஸ) தந்தியில் தானாகவே எழும் காந்தாரத்தோடு இணைத்தால், சட்ஜத்துக்கு அதன் விகிதம் 5/4. அதிரும் நீளம் 64.8 செ.மீ. மாறாக, 3/2 என்னும் பஞ்சம உறவில் ஸ, ப, ரி, த, க என்று நான்கு முறை ஏறி, பின் இரண்டு ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி) இறக்கினால் விகிதம் 81/64. நீளம் 64 செ.மீ. மெட்டு 8 மி.மீ. தள்ளிப்போகிறது. சுருதியில் இது 81/80, அதாவது 1200 சென்ட் கொண்ட ஸ்தாயியில் சுமார் 21.5 சென்ட்.

இதைத் தெளிவாகக் காட்டுவது கோட்டுருவியல். ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, 3/2 அல்லது 5/4 விகிதத்தில் பிசிறின்றிப் பொருந்தும் ஸ்வரங்களைக் கோட்டால் இணைக்க வேண்டும். கணிதவியலாளர் ஆய்லர் 1739-இல் இத்தகைய வலையை வரைந்தார். நம் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாயவன், பலராமன், நப்பின்னை எனப் பெயர் பெறும் குரல், இளி, துத்தம் என்னும் பழந்தமிழ் ஸ்வரங்கள் மூன்றும், குரலைச் சட்ஜமாகக் கொண்டால், இதே பஞ்சமப் பாதையில் அடுத்தடுத்து நிற்பவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை இவ்வாறு வரைந்தால் ஸ–ப, ப–ரி, ரி–த, த–க, க–ஸ என ஐந்து கோடுகள் ஒரு வளையமாகக் கூடிவரும் போலத் தோன்றும். ஆனால் நான்கு பஞ்சமங்களும் ஒரு காந்தாரமும் 81/80 அளவுக்கு முரண்படுவதால், எப்படிச் சுருதி சேர்த்தாலும் நான்கு கோடுகளே தூயவையாக நிற்கும். ஒன்று அறுந்தே தீரும். ஹார்மோனியத்தில் பஞ்சமத்தை 2 சென்ட் குறைத்து, காந்தாரத்தை 14 சென்ட் கூட்டி, இரு காந்தாரங்களையும் ஒரே புள்ளியாக்கிவிடுவதால் வளையம் மூடிக்கொள்கிறது. ஸ்தாயியை 53 சம பங்குகளாகப் பிரித்தாலோ அவ்விரண்டும் ஒரு பங்கு இடைவெளியில் பிரிந்தே நிற்கின்றன.

தம்புரா எந்நேரமும் ஒலிப்பதால் காந்தாரத்தை 64.8 செ.மீ. இடத்திலேயே வைத்தோம். தைவதத்தை அதனோடு பொருந்தும் 5/3-இல், அதாவது 48.6 செ.மீ. இடத்தில் அமைத்தோம், அறுந்தது ரி–த கோடு. தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும் என்பதால், ரிஷபத்தோடு சேர வேண்டிய பிரயோகங்களில் அந்த 21.5 சென்ட்டை இடக்கை விரல் இழுத்துக் கொடுத்துவிடுகிறது.