கை உயரும்போது தோளுக்குள் என்ன நடக்கிறது?

யாரையாவது கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தச் சொல்லுங்கள். பின்னால் நின்று, அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள். கை ஏற ஏற அந்த முனை முதுகிலிருந்து விலாப்பக்கம் நகர்வது விரலுக்குத் தெரியும். கை காதை ஒட்டி நிற்க 180 பாகை உயர வேண்டும். ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டில் கிடைக்கிறது. மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது.

இந்த எலும்பு எலும்புக்கூட்டோடு இணைவது கழுத்துக்குக் கீழே முன்பக்கம் குறுக்காக இருக்கும் காறை எலும்பு வழியாக மட்டும்தான். மற்றபடி தசைகள்தான் அதைத் தாங்குகின்றன.

மூட்டும் அப்படியே. மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காரும் கிண்ணமோ மேலோட்டமானது. எந்த நேரத்திலும் உருண்டையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிண்ணத்தைத் தொடுவதில்லை. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள நார்க்குருத்து கொஞ்சம் ஆழம் கூட்டுகிறது. இடுப்பு மூட்டில் எலும்பு செய்யும் வேலையைத் தோளில் நான்கு சிறு தசைகள் செய்கின்றன. தோளின் மேலுள்ள பெரிய தசை கையைத் தூக்கும்போது உருண்டையையும் மேலே இழுக்கும். அந்த நேரத்தில் இந்த நான்கும் உருண்டையைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிக்காவிட்டால், அது மேலிருக்கும் எலும்புக் கூரையில் போய் முட்டும். நான்கில் ஒன்றின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், அந்தக் கூரைக்கு அடியிலேயே ஓடுகிறது. வயதாக ஆக அதிகம் நைந்து கிழிவது அதுதான். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரவில் வலி எழுப்பிவிடும்.

இளைஞர்களுக்கு வரும் சிக்கல் வேறு. பந்து எறியும் பாவனையில் கை உயர்ந்து பின்னால் போயிருக்கும்போது அடி விழுந்தால், உருண்டை முன்பக்கம் நழுவிவிடும். அப்போது முன்விளிம்புக் குருத்து கிழிவதை லண்டன் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923-இல் விவரித்தார். கிழிந்த விளிம்பு சரியாக ஒட்டாததால்தான் பலருக்கும் தோள் மறுபடி மறுபடி நழுவுகிறது. மைதானத்திலேயே யாரையும் இழுத்துப் பொருத்த விடாதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம், மூட்டுக்குக் கீழே ஒரு முக்கிய நரம்பும் ஓடுகிறது. தோளின் வெளிப்புறத் தோல் மரத்திருந்தால் அந்த நரம்பு அடிபட்டிருக்கலாம்.

நாற்பது வயதுக்கு மேல், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, அடி எதுவும் படாமலே தோள் இறுகிப்போகும். மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்குவதே காரணம். 1934-இல் பாஸ்டன் மருத்துவர் காட்மன் இதற்கு 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று பெயர் வைத்தார். எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தசைநாண் கிழிந்தவரால் தானாகத் திருப்ப முடியாவிட்டாலும் மருத்துவர் பிடித்துத் திருப்பினால் கை போகும். உறை இறுகியவருக்கு யார் திருப்பினாலும் போகாது.

இந்த இறுக்கம் தளர ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். வலி தாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்வது உதவும். வலியைக் குறைக்க மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் போடுவார்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும்.