மீன் பெட்டித் தண்ணீரும் வண்டிச் செயினும்

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப்போகும் பைக் என் மெக்கானிக் கடைக்கு வந்தால், சாவியை வாங்குவதற்கு முன்பே குனிந்து செயினைப் பார்த்துவிடுவேன். பெரும்பாலும் செம்மண் நிறத்தில்தான் இருக்கும். பெட்டியில் ஐஸ் உருகி, உப்பும் மீன் தண்ணீருமாகச் சொட்டுவது நேரே செயின் மேல். ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. "என்னண்ணே, ஒரிஜினல் செயின்தான் போட்டேன், ஒரு வருஷம்கூட வரல" என்பார்.

நம் ஊரில் ஓடித் தேய்ந்த செயினைவிட உப்பிலும் மணலிலும் கெட்ட செயினைத்தான் நான் அதிகம் கழற்றியிருக்கிறேன். தேவனாம்பட்டினம் பக்கம் வண்டியைப் பத்து நாள் வாசலில் சும்மா நிறுத்தினாலே சில லின்க்குகள் மடங்காமல் முறுக்கிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம்.

இதற்கு விலை கூடிய ஸ்பிரே எல்லாம் கட்டாயமில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல். பழைய டூத் பிரஷ் ஒன்று, கிழிந்த பனியன், 90 கியர் ஆயில் (90 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்). அவ்வளவுதான். ஆயில் ஒரு லிட்டர் வாங்கினால் வீட்டில் இரண்டு வண்டி இருந்தாலும் மாதக்கணக்கில் வரும். பெட்ரோல் மட்டும் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது ஒன்று. பெரிய வண்டிகளின் செயினில் லின்க்குக்கு லின்க் சின்ன ரப்பர் ஓ-ரிங் இருக்கும், அதையும் கெடுத்துவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் அதே கதிதான். அந்த ரப்பர் போனால் கம்பெனியில் உள்ளே அடைத்த கிரீஸும் போய்விடும். அப்புறம் வெளியே எவ்வளவு எண்ணெய் விட்டும் பயனில்லை.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் சக்கரம் சுற்றச் சுற்ற துணியால் செயினைத் துடைப்பவர்கள் உண்டு. வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். துணி பல்சக்கரத்தில் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. ஆள்காட்டி விரல் நுனி இல்லாத ஒரு பையன் இன்றைக்கும் என் கடைக்கு வருகிறான். எஞ்சினை அணையுங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள், நியூட்ரலில் வைத்து சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியா? ஓர் அடி தள்ளுங்கள், எட்டுகிற பகுதியைத் துடையுங்கள், மறுபடி தள்ளுங்கள். சலிப்பான வேலைதான்.

அழுக்கு போய்க் காய்ந்ததும் ஆயிலை விடும் இடம் முக்கியம். செயினின் கீழ்வரிசையில், உள்பக்கம் பார்த்தபடி சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் வீசப்படும். உள்ளே விட்டால் ரோலருக்குள் இறங்கும், மேலே விட்டால் உங்கள் பேன்ட்டுக்குப் போகும். ராத்திரி விட்டுவிட்டு, காலையில் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். டயரிலோ பிரேக்கிலோ ஒரு சொட்டும் படக்கூடாது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். மழையில் நனைந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் உடனே செய்யுங்கள்.

வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது காசு மிச்சம் என்று நினைக்கிறார்கள். அதில் இரும்புத் தூளும் கரியும் கிடக்கும். கிரீஸ் அப்புவது இன்னொரு வழக்கம். கடற்கரை மணலோடு சேர்ந்தால் அது உப்புத்தாள்தான்.

செயின் சத்தம் போட்டாலே "டைட் வையுங்க" என்பார்கள். கீழ்வரிசையின் நடுவில் மேலும் கீழும் அசைத்தால் சிறிய வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், மிகவும் இறுகிய இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஆள் ஏறினால், சுமை ஏற்றினால் செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கில் கைவைக்கும், அப்போது செலவு வேறு மாதிரி. பின் பல்சக்கரத்தின் கடைசியில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, செயினும் முன், பின் பல்சக்கரங்கள் இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். மாற்றும்போது, செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் கிளிப்பான செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று நீங்களே ஒருமுறை எட்டிப் பாருங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் சொன்ன மீன்காரர் இப்போது பழைய லாரி டியூபை வெட்டி, பெட்டிக்கு அடியில் சரிவாகக் கட்டியிருக்கிறார். தண்ணீர் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் வழிகிறது. பின்னால் வருகிறவர்கள்தான் திட்டுகிறார்களாம்.