மாந்தோப்புக்குப் பழ ஈப் பொறி மானியம்: ஆடியிலேயே பதிந்துவிடுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயிக்குப் பழ ஈப் பொறி ஜூலையில் வந்தது. அவர் மாங்காய் பறித்து விற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. கையெழுத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்ற பெயரில் தோட்டக்கலைத் துறை தருவது இது. மத்திய அரசின் தோட்டக்கலைத் திட்டத்துக்கான 2014 விதிமுறைப்படி மானியம் செலவில் 30 சதவீதம்; ஹெக்டேருக்கு 1,200 ரூபாய் உச்சம்; ஒருவருக்கு 4 ஹெக்டேர் வரை. 2025-இல் விதிமுறை திருத்தப்பட்டது. இந்த வருடம் எவ்வளவு, பணமா பொருளா என்று வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

சிக்கல் தேதியில்தான். காய் முற்றும்போது ஈ தோலுக்கடியில் முட்டையிடும். புழு உள்ளே போய்விட்டால் மேலே அடிக்கும் மருந்து எட்டாது. பறிப்புக்கு இரண்டு மாதம் முன்பே பொறி தொங்க வேண்டும். அலுவலகத்துக்கோ மார்ச் 31-இல் வருடம் முடிகிறது. பிப்ரவரியில் போனால் "இலக்கு முடிஞ்சது", ஏப்ரலில் போனால் "ஆணை வரல". அதனால் ஆடி, ஆவணியிலேயே தோட்டக்கலைத் துறையின் டிஎன்ஹார்ட்நெட் இணையதளத்தில் பதிந்து, பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். "பேரைச் சொல்லிட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்பது பதிவு ஆகாது.

அப்புறம் காகிதம். நில உரிமையைக் காட்டும் சிட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்புவார்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதம் கேட்பார்கள். நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலில் மா என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். தரிசு என்று இருந்தால் நாற்பது வயது மரம் நின்றாலும் மரம் இல்லை என்றுதான் கணக்கு. வி.ஏ.ஓ.விடம் திருத்திவிட்டு மனுவோடு போங்கள். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்குச் சிட்டா கிடையாது. யார் பெயரில் கேட்கலாம் என்று அலுவலகத்தில் முன்பே விசாரியுங்கள்.

பொறி கைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் கவர்ச்சி மருந்தைப் பாருங்கள். மாவுக்கு மெத்தில் யூஜினால். பாகல், புடலை, பீர்க்கனுக்குக் கியூலூர். மாறி வந்திருந்தால் ஈ எட்டிக்கூடப் பார்க்காது. ஏக்கருக்கு 10 பொறி வேண்டும். நாலைக் கொடுத்துவிட்டுப் பத்து என்று எழுதியிருக்கிறார்களா, எண்ணுங்கள். அதில் விழுவது ஆண் ஈ மட்டுமே. அதனால் பொறி மட்டும் போதாது; உதிர்ந்த பழத்தையும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும், புழு அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது.

ரசீதில் பெற்றுக்கொண்ட தேதியை உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.