பாடத்துக்கு எத்தனை விநாடிப் பாட்டு எடுக்கலாம்?

முப்பது விநாடிக்குள் வெட்டினால் பதிப்புரிமை மீறல் என்று யாரும் கேள்வி எழுப்ப முடியாது என்ற கணக்கைப் பல சங்கீத ஆசிரியர்கள் நம்புகிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் விநாடிக் கணக்கே கிடையாது. எட்டு விநாடி மீறலாகலாம். ஒரு நிமிடம் நியாயமாகலாம்.

சட்டத்தின் 11ஆம் பிரிவு, கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கொள்வதில்லை. நியாயமா என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் உண்டு: நோக்கம் (இலாபமா, கல்வியா), படைப்பின் தன்மை, எடுத்த அளவும் அதன் முக்கியத்துவமும், படைப்பின் சந்தைக்கு வரும் பாதிப்பு. இசையில் அதிகம் இடறுவது மூன்றாவதில்தான். ஊரே முணுமுணுக்கும் பல்லவியின் முதல் அடி நீளத்தில் சிறியது, ஆனால் பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தின் அந்தர காந்தாரம் என்ற ஸ்வரத்தைக் காட்ட ஆலாபனையில் இருபது விநாடி போதும். ஒரு சினிமாப் பாட்டை முழுக்க ஓடவிட்டு 'ராகம் இதுதான்' என்று முடித்தால், பாடத்துக்கு அவ்வளவும் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இராது.

ஒரு பாட்டில் இயற்றியதற்கும் ஒலிப்பதிவுக்குமாக இரண்டு உரிமைகள் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இயற்றியவரின் உரிமை அவர் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். தியாகராஜர் மறைந்தது 1847இல். அவர் கீர்த்தனை எல்லோருக்கும் பொது. திருகோணமலையிலும் கல்விப்பணி செய்த சுவாமி விபுலானந்தர் 1947இல் மறைந்ததால், அவர் எழுதியவற்றின் காலமும் 2017உடன் முடிந்தது. ஆனால் அதே தியாகராஜர் கீர்த்தனையை அண்மையில் ஒருவர் பாடி வெளியிட்டிருந்தால், ஒலிப்பதிவுக்குத் தனியாக 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பழைய கீர்த்தனையை ஆசிரியரே பாடிக் காட்டினால் இரண்டு சிக்கலும் இல்லை. தொண்டை சரியில்லாத நாளில் வயலின் போதும்.

வகுப்பறையில் நேருக்கு நேர் கற்பிக்க ஒலிப்பதிவைப் பயன்படுத்த 21ஆம் பிரிவு இடம் தருகிறது. சூம் வகுப்பையும் யூரியூப்பில் ஏற்றும் பாடத்தையும் 'நேருக்கு நேர்' என்று சொல்வது கடினம். அங்கே கைகொடுப்பது 12ஆம் பிரிவு: வெளியான படைப்பின் சிறு பகுதியை விளக்க உதாரணமாக, தேவையான அளவுக்கு மட்டும் எடுக்கலாம், மூலத்தையும் படைத்தவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஆகவே மூதூர் போன்ற தூர ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்து அனுப்பும்போது துண்டை விளக்கத்துக்கு நடுவே வையுங்கள். முழுப் பாட்டைத் தனிக் கோப்பாக வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். துண்டுக்கு முன்னரே இயற்றியவர், பாடியவர், வெளியிட்டவர், ஆண்டு ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எதைக் காட்ட எடுத்தீர்கள் என்று பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் பின்னால் யாராவது கேட்கும்போது அதுவே சாட்சி.

கட்டணம் வாங்கும் ரியூசனுக்கு இந்த இடம் குறுகும். வகுப்புக்கு ஸ்வரக் குறிப்புப் போட்டோகொப்பி எடுக்கத் தரப்படும் சலுகை, நேரடியாகவோ மறைமுகமாகவோ இலாபம் நோக்காத கல்வி நிறுவனங்களுக்கே உரியது. பரிசளிப்பு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைக் கற்பித்தல் என்று வாதாடுவதும் எளிதல்ல. இந்தியப் பாட்டென்றால் இங்கே உரிமை இல்லை என்ற பேச்சும் தவறு. பிற நாட்டுப் படைப்புகளின் பதிப்புரிமையையும் காக்கும் பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959 முதல் இருக்கிறது.

யூரியூப்பில் உரிமைக்கோரல் வந்தால் பதறி அழிக்க வேண்டாம். அதைக் கண்டுபிடிப்பது இயந்திரம். பாடமா, திருட்டா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. நீங்கள் ஆட்சேபித்தால் பதில் சொல்ல உரிமையாளருக்கு 30 நாள் உண்டு. ஆட்சேபத்தில் நோக்கம், துண்டின் நீளம், விளக்கம் வரும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். 'பதிப்புரிமையை மீறும் எண்ணமில்லை' என்று வீடியோவின் கீழ் போடும் வரிக்கு ஒரு பலமும் இல்லை.

முழுப் பாட்டுத்தான் வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள்: எந்த ஒலிப்பதிவு, எத்தனை மாணவர், எங்கே, எவ்வளவு காலம். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை என்பதால் 'பதியப்படாத பாட்டு' என்ற சாக்கு நிற்காது. வேண்டுமென்றே மீறியதாக நீதவான் நீதிமன்றத்தில் நிரூபணமானால் ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.