நீச்சல் குளத்துக்கு எத்தனை எச்.பி. மோட்டார்?

"தண்ணி பச்சையா இருக்கு சார், 1 எச்.பி.யைத் தூக்கிட்டு 2 எச்.பி. போட்டுடலாமா?" இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. வேண்டாம். பச்சை என்றால் பாசி; பாசி என்றால் குளோரின் தீர்ந்துவிட்டது. குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பி.எச். (அமில-காரத் தன்மை) 7.2 முதல் 7.6. இவை சரியாக இல்லாத குளத்தை எந்த மோட்டாரும் தெளியவைக்காது.

எச்.பி. என்பது மோட்டாரின் வலு, அவ்வளவுதான். மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று அந்த எண் சொல்லாது. மேல்தொட்டிக்கு ஏற்றும் 1 எச்.பி.யும் குளத்து பம்ப்பின் 1 எச்.பி.யும் தள்ளும் தண்ணீர் ஒன்றல்ல. கடையில் கேட்க வேண்டியது லிட்டர் கணக்கை.

30-க்கு 15 அடிக் குளம், சராசரி ஆழம் 4.5 அடி என்றால் 2,025 கன அடி. 28.3-ஆல் பெருக்கினால் சுமார் 57,000 லிட்டர். வீட்டுக் குளத்தில் இவ்வளவும் 6 மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றினால் போதும்: மணிக்கு 9,500 லிட்டர். கூட்டம் இறங்கும் அடுக்ககக் குளத்துக்கு 4 மணி நேரம் என்று வையுங்கள். (ஒரு சுற்றில் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்படுவதில்லை. வடிந்தது வடியாததோடு கலந்துகொண்டே இருப்பதால் சுமார் 63 சதவீதம்தான் ஃபில்டரைத் தொடும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95.)

அடுத்து ஃபில்டர். மணல் ஃபில்டரில் சதுர மீட்டருக்கு மணிக்கு 30 கன மீட்டரை ஒட்டி ஓடினால் நன்றாக வடியும். நம் கணக்குக்கு 24 அங்குல ஃபில்டரில் 33 வருகிறது. 28 அங்குலத்தில் 24. எனக்குக் கேட்டால் 28. ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் 24 அங்குலத்தில் 65! மணலைத் துளைத்துக்கொண்டு அழுக்கு நேராகக் குளத்துக்கே திரும்பும். பெரிய மோட்டார் போட்ட பிறகு தண்ணீர் இன்னும் கலங்கலாவது இதனால்தான். அதற்காக ரொம்பச் சின்ன பம்ப்பும் ஆகாது, பேக்வாஷில் (தண்ணீரைத் திருப்பி ஓட்டி ஃபில்டரைக் கழுவும்போது) மணல் எழும்பாது.

குழாயையும் பாருங்கள். உறிஞ்சும் பக்கம் தண்ணீரின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 63 மி.மீ. குழாயில் 9,500 லிட்டர் சுமார் 1 மீட்டர் வேகத்தில் போகும், 50 மி.மீ.யில் வரம்பு தாண்டிவிடும். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்கு. கரண்ட் பில்தான் ஏறும்.

பம்ப்பின் வரைபடத்தில் உங்கள் 'ஹெட்' (உயரம், குழாய், ஃபில்டர் என பம்ப் சமாளிக்க வேண்டிய மொத்தத் தடை, மீட்டரில்) எவ்வளவோ அந்த இடத்தில் லிட்டரைப் படியுங்கள். ஃபில்டரில் அழுக்கு அடைய அடைய சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அழுத்தம் கூடும். அதுவே 5 மீட்டர் ஹெட். சுத்தமான ஃபில்டருக்கு மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

கடைசியாக, தயவுசெய்து இதைக் கேளுங்கள். தரையில் பம்ப் உறிஞ்சும் வடிகால் ஒன்றே ஒன்று இருக்கும் குளத்தில் பெரிய பம்ப் போட்டால் குழந்தையின் தலைமுடியை, உடம்பையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர் இழுத்தாலும் விடாது. குறைந்தது 3 அடி இடைவெளியில் இரண்டு வடிகால் இருக்க வேண்டும். ஒன்று அடைத்தாலும் முழு ஓட்டத்தையும் தாங்கும் மூடி ஒவ்வொன்றிலும் வேண்டும். மூடி உடைந்திருந்தால் பம்ப்பை நிறுத்துங்கள். புது மூடி மாட்டும்வரை யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.