பணிக்காப்பு: ஈட்டுக்குள் அடங்காத ஒரு சொல்

“அண்ணாச்சி, நஷ்டஈட்ட வாங்கிட்டா பெறவு வேலைக்கு வரச் சொல்லுவாவளா?”

திருநெல்வேலிச் சீமையில் அரிசி ஆலை பெல்ட்டிலோ கல் கிரஷரிலோ கை மாட்டிய ஒருவருடைய வீட்டில், மருத்துவச் செலவுக்கு அடுத்து எழும் கேள்வி இது. பணத்தையும் வேலையையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் கேட்கிறார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு சொல் வேண்டும். பணத்துக்கு நஷ்டஈடு, இழப்பீடு என்று சொல் இருக்கிறது. வேலை கையை விட்டுப் போகாமல் நிற்பதற்கோ, நாம் அன்றாடம் புழங்கும் சொல் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

பத்திரிகைகள் ‘பணிப் பாதுகாப்பு’ என்று எழுதுகின்றன. ஆலைச் சுவரிலும் அதே சொல்தான் இருக்கும். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று ஒட்டும் சுவரொட்டியில் தலைக்கவசம், கையுறை, இயந்திரத்தின் காப்பு மூடி எல்லாம் படமாக இருக்கும். மேலே ‘பணிப் பாதுகாப்பு’ என்று போட்டிருக்கும். ஆங்கிலம் இங்கே இரண்டு சொல் வைத்திருக்கிறது. சேஃப்டி என்பது ‘சால்வுஸ்’ என்ற லத்தீன் சொல்வழி வந்தது. ஊறுபடாமல் முழுதாக இருப்பது என்று பொருள். செக்யூரிட்டி, ‘செ’ (இல்லாமல்), ‘கூரா’ (கவலை) என்ற இரண்டும் சேர்ந்தது, கவலையற்ற நிலை. முதலாவது உடம்பைப் பற்றியது, இரண்டாவது நாளைய பிழைப்பைப் பற்றியது. தமிழில் இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டோம். அடிபட்ட தொழிலாளி மனுவில் ‘எனக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும்’ என்று எழுதினால், கையுறை கேட்கிறாரா வேலை கேட்கிறாரா என்பது வாசிப்பவர் கையில்தான் இருக்கிறது. கடன்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றால், செக்யூரிட்டி என்பது நம் ஊரில் ஆலை வாசலில் நிற்கும் காவலரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

மாற்றுச் சொற்களும் வேறு வேலைக்குப் போய்விட்டன. ‘வேலை உறுதி’ என்றால் நூறு நாள் வேலைதான் நினைவுக்கு வரும். ‘பணி நிரந்தரம்’, ‘பணிநிலைப்பு’ இரண்டும் தற்காலிகத் தொழிலாளியை நிரந்தரமாக்குவதைச் சொல்கின்றன. 1981-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு உரியது அது. அடிபட்டவருடைய வேலை பறிபோகாமல் நிற்பது என்ற பொருள் இவை எதிலும் இல்லை.

‘பணிக்காப்பு’ என்ற சொல்லைப் புழங்கலாம் என்பது எங்கள் கருத்து. ‘கா’ என்ற வேரில் பிறந்த காப்புக்கு இந்தச் சீமையில் உயிருள்ள பொருள் இருக்கிறது. அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டியவர் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். காப்பு கட்டும் நாள் ஒன்று, அவிழ்க்கும் நாள் ஒன்று. இடைப்பட்ட காலத்துக்கு மட்டும் உரிய கட்டு அது. சிகிச்சையில் இருக்கும் தொழிலாளிக்குச் சட்டம் தருவதும் இப்படிக் கால எல்லை உள்ள கட்டுதான்.

இனி ஈடு. ‘இடு’ என்ற வினையிலிருந்து முதல் நீண்டு பிறந்த பெயர். நகையை ஈடு வைப்பதும், ஒரு ஈடு இட்லி அவித்து எடுப்பதும், ஈடுகொடுத்து நிற்பதும் இதே சொல்தான். ஒன்றின் இடத்தில் இடப்படும் இன்னொன்று, அதற்குச் சமமானது என்று பொருள் விரிந்தது. ‘காம்பன்சேஷன்’ என்பதும் லத்தீனில் சேர்த்து எடைபோடுவதுதான். தராசின் ஒரு தட்டில் இழப்பு, மறு தட்டில் பணம். நஷ்டம் வடசொல், அதனோடு ஈடு சேர்ந்து நஷ்டஈடு ஆனது. இழப்பு, காப்பு ஆகியவற்றோடு சேர்ந்து இழப்பீடும் காப்பீடும் பிறந்தன. தொழிலாளருக்கு மருத்துவமும் உதவித்தொகையும் தரும் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் பெயர் தொழிலாளர் அரசு ஈட்டுறுதி. ‘சம்பாத்தியத்துக்கு உறுதி’ என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஈட்டிய விடுப்பில் உள்ள ‘ஈட்டு’ வேறு. இங்கே இருப்பது, வீடு வீட்டு ஆவதுபோல, ஈடு ஈட்டு ஆனது: ஈடு கிடைக்கும் என்ற உறுதி.

இத்தனை ஈட்டிலும் வேலை வரவில்லை. இதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். போன விரலுக்கு ஈடு உண்டு. வேலைக்கு ஈடு பேசப்படவே இல்லை. எனவே ஈட்டை வாங்கியதால் வேலையை விற்றதாக ஆகாது.

சட்டத்தில் பார்த்தால் இது தெளியும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், 2010 ஜனவரி முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு முதலாளி தர வேண்டிய பணத்தைச் சொல்லும் சட்டம் இது. ஈ.எஸ்.ஐ. இல்லாத 7 பேர் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 35 வயது, மாதக் கூலி 14,000 ரூபாய், ஒரு கையில் இரண்டு விரல் போயிற்று. அட்டவணைப்படி இரண்டு விரலுக்கு 20 சதவீதம். கூலியில் 60 சதவீதம் 8,400. 35 வயதுக்கான காரணி 197.06, பெருக்கினால் 16,55,304, அதில் 20 சதவீதம் 3,31,060 ரூபாய் 80 காசு. கட்டுப்போட்டு வீட்டில் இருக்கும் காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால்பங்கு. மருத்துவச் செலவு தனி. பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை தண்டத்தொகை. எல்லாம் பணம். இந்தச் சட்டத்தில் வேலையைக் காக்கும் பிரிவு ஒன்றுகூட இல்லை. அதே சமயம், பணம் வாங்கினால் வேலை முடிந்தது என்று சொல்லும் பிரிவும் இல்லை.

பணிக்காப்பு இருப்பது 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில், 73-ஆம் பிரிவில். தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ, நிலை குறைக்கவோ, வேறு விதத்தில் தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது. காப்பு அவிழும் நாளை ஒழுங்குமுறை 98 சொல்கிறது: உதவித்தொகை விடாமல் ஆறு மாதம் போய்விட்டால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வேலையிலிருந்து விடுவிக்கலாம். ‘விடுவிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்த மறுநாள் வேலை தானாகப் போய்விடும் என்று மேஸ்திரி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊனத்துக்குச் சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய்க்கு 70 சதவீதம்தான். ஆலையில் பட்ட அடியை ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதவிட்டால் அந்த 20 சதவீதம் போகும். பின்னால் நிரந்தர ஊன உதவித்தொகை கேட்கும்போது அடிப்படையே இருக்காது. மருத்துவக் குழு பார்த்து நிரந்தர ஊனம் இத்தனை சதவீதம் என்று தீர்மானித்தால், அந்தத் தொகை ஆயுளுக்கும் வரும். திரும்ப வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் அது நிற்காது. ஈடும் பணியும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், சேர்ந்தே இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ஈ.எஸ்.ஐ.யில் வருபவர் அதே விபத்துக்கு 1923 சட்டத்திலும் பணம் கேட்க முடியாது.

அரசு நிறுவனங்களில் காப்பு இன்னும் வலுவானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4), பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ தடை செய்கிறது. பழைய வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் மாற்றுப் பணி. அதற்கு இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைக்க வேண்டும். கால் போன அரசுப் பேருந்து ஓட்டுநர் பணிமனையில் வேறு வேலை கேட்பது இந்த உரிமையில்தான். தனியார் ஆலைக்கு இந்தப் பிரிவு எட்டாது.

இங்கே ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து, 1923, 1948 சட்டங்கள் இரண்டையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. மேலேயும் இனியும் அந்த இரண்டு சட்டங்களையும் பற்றிச் சொல்லும் எண்கள் அதற்கு முந்தைய விபத்துகளுக்கு உரியவை. மனுவில் பிரிவு எண் போடும் முன் விபத்துத் தேதியைப் பாருங்கள்.

சொல் குழப்பம் வயிற்றில் அடிப்பது ‘கணக்கு முடித்தல்’ என்ற இடத்தில். இப்போது ‘செட்டில்மென்ட்’ என்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு வாரத்தில் வீட்டுக்கு ஆள் வரும். கையில் ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ. கூடவே ஒரு தாள்: ‘விபத்து தொடர்பாகவும் வேலை தொடர்பாகவும் கணக்கு முழுவதும் தீர்ந்தது. இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.’ ‘விபத்து தொடர்பாகவும்’, ‘வேலை தொடர்பாகவும்’ என்று அந்த ‘உம்’ இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். ஒரு ஈட்டுக்குப் பணம் கொடுத்து, ஈடே பேசாத வேலையையும் சேர்த்து எழுதி வாங்குகிறது அது. 1923 சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஒட்டுமொத்தத் தொகையாக முடிக்கும் உடன்பாட்டைத் தொழிலாளர் துறையின் ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்றும் இருக்கிறது. வேலையை விட்டதாக எழுதிய வரிக்கு இந்தக் காவல் கிடையாது. ஆகவே பணம் வாங்கும் ரசீதில் ‘வேலை’, ‘ராஜினாமா’, ‘விருப்பப்படி’ என்ற மூன்று சொல்லில் எது இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெறும் தாளில் ஒருபோதும் கூடாது.

அடுத்த சறுக்கல் முதல் நாளே நடக்கிறது. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, உடன் வந்த சூப்பர்வைசர் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லிவிடுவார். பின்னால் அந்த ஒரு வரியை மாற்றப் படும் பாடு கொஞ்சமல்ல. வலியிலும் வீட்டார் யாராவது ஒருவர், ஆலை பெயர், இயந்திரம், மணி மூன்றையும் மருத்துவரிடம் சொல்லி எழுதவைத்து, ஏ.ஆர். காப்பி (அந்தப் பதிவேட்டின் நகல்) வாங்கிவிட வேண்டும். ஆலையின் விபத்துப் புத்தகத்திலும் பதிவு வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் என்று தட்டிக்கழித்தால், முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்று 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. 1923 சட்டத்தில் மனுப்போட விபத்திலிருந்து இரண்டு ஆண்டு; திருநெல்வேலி வட்டாரத்துக்கு அதைக் கேட்பவர் தொழிலாளர் துறையின் ஆணையர்தான், உரிமையியல் நீதிமன்றம் அல்ல.

மூன்றாவது சறுக்கல் திரும்பிப் போகும் நாளில். மருத்துவர் ‘வேலைக்குத் தகுதி’ என்று இறுதிச் சான்று கொடுத்த பிறகு நாலு நாள் தள்ளிப்போவோம் என்று இருந்துவிட்டால், ‘தானே நின்றுவிட்டார்’ என்று பதிவேட்டில் ஏறும். சான்றில் உள்ள தேதியில் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே விடவில்லை என்றால் அன்று மாலையே விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் அதே நகலோடு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

‘ஐயா, இந்தத் தேதியில் தங்கள் ஆலையில் வேலையின்போது என் வலது கையில் காயம் ஏற்பட்டது. மருத்துவரின் இறுதிச் சான்றுடன் இன்று காலை 8 மணிக்கு வேலைக்கு வந்தேன். வாசலில் என்னை உள்ளே விடவில்லை. நான் வேலையை விடவில்லை. எனக்கு உரிய இழப்பீடு வேறு, பணிக்காப்பு வேறு. பழைய வேலையோ, என் கைக்கு ஏற்ற மாற்று வேலையோ தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’